தோற்றால் சீட்டைத் திறக்கக் கூடாது

போத்தனூர் ரயில்வே காலனியில் டெரன்ஸ் வீட்டு ஆட்டப் பலகையிலிருந்து முதன்முதலாகப் பாட்டு வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அது ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பேர் கறிக்குழம்பு மயக்கத்தில் கிடந்தார்கள், மீதிப் பேர் டெரன்ஸ் பழைய ரிக்கார்டைப் போட்டுவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார்கள், எதிர்வீட்டுத் தையல்காரி பாப்பாத்தி மட்டும் ஊசியில் நூல் கோத்தபடியே, "அட, இது நம்ம ஜெசிந்தாக்கா குரலுங்க, தொண்டைல கத்தி வெக்கறதுக்கு முந்தி இருந்த குரலு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ரவிக்கையைத் தைக்கத் தொடங்கினாள்.

பாப்பாத்தி சொன்னது சரிதான். அந்தக் குரலைத் தெரியாதவர் காலனியில் இல்லை. பாலக்காட்டு வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும், மேட்டுப்பாளையம் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்றெல்லாம் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் வருடக்கணக்காகச் சொன்னவள் ஜெசிந்தா. அவள் கூப்பிட்டால்தான் வண்டி வரும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்குத் தலை நரைத்துத் திரிகிறார்கள். அந்த வேலைக்கும் முன்னால், தாவணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, 'லோகோ ஷெட்' என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். கனகசபை என்ற கனகு கிட்டார் வாசித்தான், பேக்கரிக்காரர் மகன் யூனுஸ் டிரம்ஸ் அடித்தான், ரயில்வே தச்சர் டெரன்ஸ் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஓரமாக நின்றார். கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் நடனம், ஒருமுறை யாரோ தவறாக ஏற்பாடு செய்து மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் கரகாட்டத்துக்கு முன்னால் ஏறிப் பாடி, ஆளுக்கொரு இளநீர் வாங்கிக்கொண்டு இறங்கியது, இவ்வளவுதான் அவர்கள் புகழ். பெரிய மேடை என்று ஒன்று அவர்களுக்கு வாய்க்கவேயில்லை. அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள், எல்லோருக்கும் வருவதெல்லாம் அவர்களுக்கும் வந்தது, ஜெசிந்தாவுக்குக் கூடுதலாகத் தொண்டையில் ஒரு கட்டியும் வந்தது. அதை அறுத்தெடுத்த பிறகு அவள் பேசினால் தேங்காய் நாரைத் தரையில் தேய்ப்பது போலிருந்தது. கறிவேப்பிலை வாங்கும் அளவுக்குத்தான் அந்தக் குரல் உதவியது.

குழு கலைந்தாலும் நாலு பேரும் கலையக் கூடாது என்று டெரன்ஸ் செய்த ஆட்டம்தான் அந்தப் பலகை ஆட்டம். கழித்துப்போட்ட ரயில் பெட்டியின் இருக்கைப் பலகையை இழைத்து, அதன்மேல் ஒரு பாதை வரைந்தார். ஷெட்டில் தொடங்கி, கல்லூரி மைதானம், ஹோட்டல் மாடி, வானொலி நிலையம், பெங்களூர் என்று வளைந்து வளைந்து போய், பெரிய மேடை என்ற கட்டத்தில் முடியும் பாதை, தாயம் உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். கனகுவின் காய் கிட்டார் மீட்டும் ஒரு வில்லை, யூனுஸுக்கு டிரம்ஸ் திருகும் சாவி, டெரன்ஸுக்கு ஒரு பழைய ஃபியூஸ், ஜெசிந்தாவுக்கு அந்தச் சிவப்புக் கோட்டின் பொத்தான். வேன் பஞ்சர், கம்பி அறுந்தது, மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி இல்லை, பாடகி மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிட்டாள் என்று துன்பச் சீட்டுகள் ஒரு கட்டு. ஜெனரேட்டர் கிடைத்தது, ஹோட்டல்காரர் ரசிகர் என்று உதவிச் சீட்டுகள் ஒரு கட்டு. பலகையின் ஓரத்தில் வரிசையாக, டார்ச் பேட்டரியில் எரியும் சின்னச் சின்ன பல்புகள். ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு பல்பு அணையும். எல்லாம் அணைவதற்குள் நாலு காய்களும் சேர்ந்து பெரிய மேடை ஏற வேண்டும், ஒருவர் பின்தங்கினாலும் எல்லோருக்கும் தோல்விதான்.

இதில் ஒரு விஷமும் வைத்திருந்தார் டெரன்ஸ். பாட்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற நாலு ஆள் சீட்டுகளோடு ஐந்தாவதாகக் காண்ட்ராக்டர் என்று ஒரு சீட்டு. கலைத்துப் போட்டால் அது யாருக்கு விழுகிறதோ அவர்தான் உள்ளுக்குள் எதிரி. சிரித்துப் பேசிக்கொண்டே விளக்கெல்லாம் அணையும்படி ஆடி, தன் பங்குக் கச்சேரியைத் தனக்குப் பிடித்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தின் பெயரைப் பென்சிலால் எழுதச் சீட்டின் அடியில் ஒரு கோடு இருந்தது. அந்த நாட்களில் அவர்கள் சிரித்த சிரிப்பில் டெரன்ஸ் வீட்டுப் பூனை வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. ஜெசிந்தா காண்ட்ராக்டரானால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அத்தனை கெட்டிக்காரி. யூனுஸுக்கு அந்தச் சீட்டு வந்தால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒருமுறை தோற்றுப்போய்ச் சீட்டைத் திறந்தபோது கனகுதான் காண்ட்ராக்டர் என்று தெரிந்து, யூனுஸ் கோபித்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. விளையாட்டு வினையாகிறதே என்று பயந்த ஜெசிந்தாதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாள்: ஜெயித்தால் சீட்டைத் திறக்கலாம், தோற்றால் திறக்கக் கூடாது, யார் கெடுத்தார் என்று தெரியாமலே டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டும். சிநேகம் பெரிதா, உண்மை பெரிதா என்று கேட்டாள். சிநேகம்தான் என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு மேசை ஆடியது. டெரன்ஸ் குனிந்து பார்த்து, கையில் கிடைத்த காண்ட்ராக்டர் சீட்டை நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார், இத்தனை நாள் குடி கெடுத்தவன் இனிமேல் மேசையைத் தாங்கட்டும் என்றார். அன்றைக்குத்தான் நாலு பேரும் உள்ளுக்குள் எதிரி இல்லை என்று தெரிந்தே முதன்முதலாக ஆடினார்கள், ஒற்றை பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது நாலு காய்களும் பெரிய மேடை ஏறின, பலகையிலிருந்து பாட்டு வந்தது.

காலனி அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறே பாப்பாத்தி தன் தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள், டிரம்ஸ் சத்தத்துக்கு மிதித்தால் கால் வலிக்கவில்லையாம். ஃபாதர் வந்து நின்று கேட்டு, பிசாசாக இருந்தால் இவ்வளவு சுருதி சுத்தமாகப் பாடாது என்று தீர்ப்புச் சொல்லி, மாலை ஜெபத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, அனுமதியில்லாமல் எங்கேயாவது கொக்கி போட்டிருக்கிறார்களா என்று பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளியே போகும் ஒயர் ஒன்றும் இல்லாததால் எழுத ஒன்றும் இல்லாமல், இரண்டாவது சரணம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனார். பெண் பார்க்க வருபவர்களை அந்த நேரத்துக்கு வரச் சொன்னார்கள், பாட்டு நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்ல வாய் திறப்பதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்தது. எருமைப்பால் பொன்னுசாமி சத்தம் அதிகம் என்று மனுக் கொடுத்தார், பிறகு தன் எருமை அன்றைக்குக் கூடுதலாகக் கறக்கிறது என்று மனுவை வாங்கிக்கொண்டார். சந்தில் நாற்காலி போட்டு இடம் பிடிப்பதில் சண்டை வந்தது, கமிட்டி ஒன்று வந்தது, கமிட்டி வந்ததால் இன்னும் சண்டை வந்தது. கொஞ்சம் மெலடியாக, பக்தியாக ஏதாவது பாடச் சொல்லுங்களேன் என்று கமிட்டி கேட்டுக்கொண்டது. பலகை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, லோகோ ஷெட் பாட்டையே பாடியது. ஊர் எதற்குத்தான் பழகாது, இதற்கும் பழகியது.

ஆனால் ஜெசிந்தா பழகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குரல் எழும்போது, அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். எல்லோருக்கும் அது பாட்டு, அவளுக்கு அது அறுத்தெடுத்துக் குப்பையில் போட்ட தன் பாதி உடம்பு. வாரம் முழுக்கத் தேங்காய் நாரோடு பேசிக் கிடந்தவள், அந்தப் பாட்டு நேரத்துக்கு மட்டும், தான் தானாக இருந்தாள். அவளிடம் வேறெதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பாள்.

கனகு கேட்டது அதைத்தான். பொள்ளாச்சி ரோட்டில் அவன் மருமகன் தங்கநாச்சி மகால் என்று ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தான், கட்டிய நாளிலிருந்து வௌவால் மட்டும்தான் அதில் குடியேறியிருந்தது. சனங்கள் சந்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்கள், சாக்கடை ஓரம் பாய் விரிக்கிறார்கள், பலகையை மண்டபத்துக்குத் தூக்கிப்போனால் ஆயிரம் பேர் உட்காரலாம், ஏர்கூலர் உண்டு, கழிப்பறை உண்டு என்று அவன் வெகுநேரம் சொன்னான். கமிட்டியும் அவன் பின்னால் நின்று தலையாட்டியது.

"இது நாலு பேரு உக்கார்ற மேசை, கனகு. பாட்டு இதுலருந்து வருது, எனக்கு இது போதும்" என்றாள் ஜெசிந்தா.

கனகு சிரித்தான், அவள் சொன்னால் சரிதான் என்றான், அன்றைக்கு டீயைக்கூட அவனே போட்டான். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள். இருபது வயதிலிருந்து பார்த்த சிரிப்பு, நம்பாமல் என்ன செய்வாள்?

அதற்கப்புறம் அவர்கள் தோற்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு ஞாயிறு, பிறகு ஒன்று விட்டு ஒன்று, பிறகு எல்லா ஞாயிறும். டெரன்ஸ் முன்போலவே கசங்கிப் பழசான ஆள் சீட்டுகளை அவரவர் முன்னால் கவிழ்த்து வைப்பார். ஐந்தாவது சீட்டு இல்லாததால் யாருடையது எது என்று தெரிந்ததுதானே என்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆட்டம் தொடங்கும், வேன் பஞ்சராகும், கம்பி அறும், ஒரு சீட்டைக்கூட வீணாக்காத யூனுஸ் முதல் மின்வெட்டுக்கே ஜெனரேட்டரைச் செலவழிப்பான், டெரன்ஸ் பெங்களூரில் தேவையில்லாமல் தங்குவார், பல்புகள் ஒவ்வொன்றாக அணையும், பலகை வெறும் பலகையாகக் கிடக்கும். டீ கொஞ்சம் தளும்பியது, மேசை மறுபடி ஆடுகிறதே என்றாள் ஜெசிந்தா. தரை இறங்கியிருக்கும் என்றார் டெரன்ஸ்.

அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். தன் ஆட்டம் மழுங்கிவிட்டது என்று நினைத்தாள், வீட்டில் தனியாகத் தாயம் உருட்டிப் பழகினாள், மாதா கோவிலில் நவநாள் வேண்டிக்கொண்டாள், அசைவத்தை விட்டாள், அதற்கும் பல்புகள் மசியவில்லை. என்னால்தான் உங்களுக்கும் பாட்டு இல்லாமல் போகிறது என்று ஒருநாள் அந்த நார்க்குரலில் அழுதபோது, கனகு அவள் தோளைத் தட்டி, விடு ஜெசி, விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்றான். தோற்ற பிறகு மூன்று பேரும் அவளை உடனே அனுப்புவதில்லை, இன்னொரு டீ, இன்னொரு தேங்காய் பன், பழைய கதை இன்னொன்று என்று உட்கார வைத்து ஆறுதல் சொன்னார்கள். எழுந்து வெளியே வந்தால் சந்தில் ஒரு நாற்காலிகூட இருக்காது, வீடுகள் பூட்டிக் கிடக்கும். தோற்றவள் முகத்தில் விழித்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஊரே ஒதுங்கிப் போயிருக்கிறது என்று நினைத்து, எவ்வளவு நல்ல சனங்கள் என்று நெகிழ்ந்துபோவாள்.

ஒரு திங்கட்கிழமை, ரவிக்கை அளவு கொடுக்கப் பாப்பாத்தியிடம் போனாள். பாப்பாத்தி டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்: "நேத்து ரெண்டாவது பாட்டுல கொஞ்சம் தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சுங்களேக்கா, ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"நேத்து நாங்க தோத்துட்டமே, பாப்பாத்தி. பாட்டேது?"

பாப்பாத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் மார்பளவை இரண்டு தரம் எடுத்தாள், இரண்டு தரமும் தப்பாக எடுத்தாள், கேட்ட கேள்விக்கெல்லாம் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு கடைசி பல்பு அணைந்ததும், யூனுஸ் டீக்கெட்டிலைத் தூக்குவதற்குள், ஜெசிந்தா தலைவலி என்று எழுந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. பூட்டிக் கிடந்த சந்தைத் தாண்டி, மேம்பாலத்துக்கடியில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினாள். எங்கே என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, ஆட்டோக்காரனே, "பாட்டு கேக்கத்தானுங்க? இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்" என்று பொள்ளாச்சி ரோட்டுக்குத் திருப்பினான்.

தங்கநாச்சி மகாலின் வாசலில் யூனுஸ் பேக்கரியின் பஃப்ஸ் கடை போட்டிருந்தது. உள்ளே காலனி உட்கார்ந்திருந்தது, வரிசை வரிசையாக, விசேஷத்துக்கு உடுத்தும் புடவையிலும் வேட்டியிலும். ஃபாதர் முன்வரிசையில், பொன்னுசாமி அவருக்குப் பின்னால், தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு பாப்பாத்தி. மேடையில் வாடகைக்கு வந்த நாலு பையன்கள் கீபோர்டும் கிட்டாருமாகத் தாளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மைக் தனியாக நின்றது, அதன் முன்னால் யாரும் இல்லை, அதிலிருந்து ஜெசிந்தாவின் குரல் பாடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயதுக் குரல். அது தன்னைத் தேடி வந்த சொந்தக்காரியை அடையாளம் தெரியாததுபோல் பாடியது.

அவள் வாசலில் நின்று, "அது நான்" என்றாள். "அது என் குரலு."

கதவோரம் நின்ற மண்டபத்து ஆள் விரலை உதட்டில் வைத்தான். "உஸ்… பாட்டு நடக்குதுங்கம்மா. தொண்டை செருமறதுன்னா வெளிய போய்ச் செருமுங்க." முன்னால் இருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள், பார்த்ததும் சட்டென்று மேடை பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். இவ்வளவு பலமாக அவர்கள் சந்தில் ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த வாரம் காலனி அவளிடம் சொன்ன சமாதானமெல்லாம் ஒரே சமாதானம்தான். ஜெசிந்தா சம்மதித்துவிட்டாள், ஆனால் கூச்சப்படுகிறாள், அவளிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்று கனகு சொன்னானாம். நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பினார்கள். கூலர் காற்றில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு மற்றவர் சம்மதத்தைப் பற்றி என்ன சந்தேகம் வரப்போகிறது? ஃபாதர் மட்டும், தான் விசாரித்திருக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு, வருகிற ஞாயிறு எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்.

ஞாயிறு வந்தது. ஜெசிந்தா வழக்கம்போலப் போய் உட்கார்ந்தாள், ஒன்றும் கேட்காமல் ஆடினாள். கனகு தன் ஆள் சீட்டின்மேல் கையை வைத்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது காண்ட்ராக்டர் என்று அவளுக்குச் சந்தேகமில்லை. கடைசிக்கு முந்தின பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது தாயக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"சீட்டைத் திறங்க" என்றாள்.

"ரூல் நீ போட்டதும்மா" என்றார் டெரன்ஸ். "பாதி ஆட்டத்துல தெறக்கறது எங்கயும் இல்ல."

அவள் கையை நீட்டிக் கனகுவின் சீட்டைப் புரட்டினாள். கிட்டார். யூனுஸின் சீட்டைப் புரட்டினாள். டிரம்ஸ். டெரன்ஸின் சீட்டைப் புரட்டினாள், பேஸ். ஒரு கணம் அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது; இந்த மூன்று பேரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, பலகைதான் ஏதோ தவறு செய்திருக்கிறது, இவர்கள் காலில் விழுந்தாலும் தகும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யூனுஸின் காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

"அக்கா," என்றான் யூனுஸ், "உங்க சீட்டுங்கக்கா."

இத்தனை ஞாயிறுகளில் அவள் ஒருநாளும் பார்க்காத தன் சீட்டைப் புரட்டினாள். நாலாக மடித்த தழும்போடு காண்ட்ராக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தான். அடிக்கோட்டில் பென்சிலால், தங்கநாச்சி மகால் என்று கனகுவின் கையெழுத்து.

கனகு பேசினான். பேசாமல் இருந்திருக்கலாம். "மொதல்ல எம்முன்னாலதான் வெச்சேன், ஜெசி. மண்டபத்துல என் கிட்டார் மட்டுந்தான் கேட்டுச்சு, சனம் எந்திரிச்சுச் சாப்பிடப் போயிருச்சு. உன் குரல நீதான் தள்ளிவிடோணும்னு பலகை நிக்குது. அதான் உம்முன்னால வெச்சோம். நாங்க வேற என்ன பண்றது, சொல்லு?"

மற்ற இருவரும் தங்கள் பங்கைச் சொன்னார்கள். சந்துக் கூட்டம் தன் சுவரோரமே ஒதுங்குவதாகவும், நாற்றம் தாங்கவில்லை என்றும், வயதான காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கம் வேண்டாமா என்றும் சொன்னார் டெரன்ஸ். பஃப்ஸைப் பற்றி யூனுஸ் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டான். நாலு பேர் இருந்த மேசையில் மூன்று பேர் ஒரு பக்கம் இருந்திருக்கிறார்கள், நாலாவது ஆளைக்கொண்டே நாலாவது ஆளின் கழுத்தை அறுத்திருக்கிறார்கள், அறுபட்டவள் நன்றியோடு தேங்காய் பன் தின்றிருக்கிறாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம்தான். உலகத்தில் ஏமாந்தவர்களுக்குத்தான் வெட்கம் வருகிறது, ஏமாற்றியவர்களுக்குப் பசி வருகிறது.

எச்சிலைத் தொட்டு அந்தப் பெயரை அழித்தாள். டெரன்ஸின் காதில் இருந்த பென்சிலை எடுத்து, கோட்டின்மேல் வேறு ஒன்றை எழுதி, சீட்டைத் தன் முன்னால் கவிழ்த்தாள். எல்லாக் காயையும் ஷெட்டுக்கு இழுத்து வைத்தாள், எல்லா பல்பையும் எரியவிட்டாள்.

"இன்னொரு ஆட்டம்" என்றாள்.

அதுதான் அந்தப் பலகையில் ஆடிய கடைசி ஆட்டம், நல்ல ஆட்டமும் அதுதான். மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இந்த ஒரு தடவை ஜெயித்து, சந்தில் அவளுக்கு அவள் பாட்டைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. யூனுஸ் ஜெனரேட்டரைப் பொத்திப் பொத்தி வைத்தான், டெரன்ஸ் எங்கும் தங்கவில்லை, கனகு தன் முறையை விட்டுக்கொடுத்து அவள் பொத்தானை முன்னே தள்ளிவிட்டான். அவள் எதிரி என்று தெரிந்தும், எல்லாம் வெளிச்சத்தில் கிடந்தும், அவர்களால் அவளைப் பிடிக்க முடியவில்லை. வேனைப் பஞ்சராக்கினாள், அனுமதியை ரத்து செய்தாள், ஹோட்டல்காரரைக் கோபப்படுத்தினாள், மூன்று காய்களும் பெரிய மேடையின் வாசலில் நிற்கும்போது தன் பொத்தானை வானொலி நிலையத்திலேயே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். கடைசி பல்பு அணைந்தது.

"எங்க எழுதுன?" என்று கேட்டான் கனகு. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பொள்ளாச்சி ரோட்டில் காலனி முழுக்க உட்கார்ந்து, அன்றைக்கு வெகுநேரம் ஏர்கூலர் சத்தத்தைக் கேட்டது. வாடகைப் பையன்கள் தாளம் கொடுத்துப் பார்த்துவிட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, போனை நோண்டத் தொடங்கினார்கள்.

ஜெசிந்தா தன் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதே உள்ளே சமையல்கட்டில் பாட்டு தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், துணியை வைத்துக் கதவின் அடியிடுக்கை அடைத்தாள். இனி இது யாருக்கும் இல்லை என்று சத்தமாகவே சொன்னாள். அரிசி டப்பாவுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நின்று அந்தக் குரல் அவளுக்கு மட்டும் பாடியது, பிசிறில்லாமல், மூச்சு வாங்காமல், எந்தப் பிளாட்பாரத்திலும் ஒருகாலமும் சொல்லாத அழகோடு. அவள் கீழே உட்கார்ந்து கேட்டாள்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் குரல் நின்றது. ஜெசிந்தா திடுக்கிட்டு நிமிர்ந்தாள், பிறகு ஏன் நின்றது என்று புரிந்தது. அது கனகு வாசிக்க வேண்டிய இடம். குரல் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எங்கே அவன் மெல்ல எடுப்பான், எங்கே மேலே ஏறுவான், எந்தக் கம்பியை இழுத்து நிறுத்திக் கண்ணைச் சிமிட்டுவான் என்று ஒவ்வொரு ஸ்வரமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் விரல் தானாகத் தரையில் யூனுஸின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த விரலை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அப்படியும் அது நிற்கவில்லை.